வாத்துகளை மட்டும் வெட்டிவிடு

என் அக்கா பெற்ற செல்வமும், ஆகாயத்தையே படம் பிடித்துப் பெட்டிக்குள் அடைக்கிற சூரனுமாகிய மருமகனுக்கு, உன் தாய்மாமன் உச்சி முகர்ந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தையும் நலம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். இன்றைக்கு அந்தப் பழக்கம் உதவாது. உன் அத்தை நலம். வீடு நலம், கூரை ஒழுகுகிற மூலையைத் தவிர. நான் மட்டும் காலையிலிருந்து பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அக்காவுக்கும் மச்சானுக்கும் என் வணக்கத்தைச் சொல். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டால் அங்கே விடாமல் மழையாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேலே படி.

நீ அனுப்பிய பெரிய உறை இன்று காலை விமானப்படைத் தளத்தில் என் வேலை இடத்துக்கே வந்து சேர்ந்தது. வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கக் கூடாதா நீ? மடிப்புக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். நான் சும்மா இருக்கிற ஆளா? "வாங்கடா, என் மருமகன் எடுத்த படம், உலகத்துலயே இந்த மாதிரி இன்னொருத்தன் எடுக்க முடியாது" என்று சத்தம் போட்டு, உறையைக் கிழித்து, படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அப்புறம்தான் நானே அதைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் என் கூட மடிக்கிற அங்குலம், எதை எடுத்தாலும் அளந்து பார்க்கிறவன் என்பதால் அவனுக்கு நான் வைத்த பெயர் அது, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான். நான் படத்தை நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டேன். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகுதான் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆகவே இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிற படம் லேசாக வளைந்திருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

என் வேலை என்ன என்று உனக்கு மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. போர் விமானத்தைக் கிளப்ப ஆயிரம் பேர் இருக்கலாம். நிறுத்துகிறவன் நான். தரையைத் தொட்ட பிறகும் ஒரு ஜெட் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, அது சக்கரத்துப் பிரேக்குக்கு மட்டும் அடங்கி நிற்காது. அதன் வாலிலிருந்து ஒரு பெரிய துணிக்குடை வெளியே பாய்ந்து விரிந்து, காற்றைக் கவ்விக்கொண்டு, விமானத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். அதற்கு வால்குடை என்று பெயர். வேகம் குறைந்ததும் விமானி அதைக் கழற்றி ஓடுபாதையிலேயே விட்டுவிட்டுப் போவார். நாங்கள் ஜீப்பில் போய் அள்ளி வந்து, சூட்டுக்கொட்டகையில் உயரத்திலிருந்து தொங்கவிட்டுக் காய வைத்து, நீள மேசையில் போட்டு மடித்து, பைக்குள் அமுக்கி, மறுபடியும் ஒரு விமானத்தின் வாலில் வைப்போம். விமானி எத்தனை கரணம் போட்டாலும் கடைசியில் என் மடிப்பை நம்பித்தான் தரைக்கு வர வேண்டும். இதை நான் உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். சில சமயம் கொஞ்சம் பூப் போட்டுச் சொல்லியிருப்பேன். ஆனால் அடித்துணி அசல்தான்.

இப்போது அந்தப் பாழாய்ப்போன வாரத்துக்கு வருகிறேன். படம் எடுக்கிறவர்களையெல்லாம் தளத்துக்குள் விட்டு வேடிக்கை காட்டுகிற நாள் வருகிறது என்றதும், நான்தான் மேலிடத்தில் பேசி உன் பெயரைச் சேர்த்தேன். (அதாவது வாசலில் இருந்த சீட்டில் உன் பெயரை எழுதிப் போட்டேன், எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள், இருந்தாலும் என் கையெழுத்து அழகாக இருந்தது.) அதற்கு முந்தின நாலைந்து நாளாக மழை விடவில்லை. வீட்டில் எந்தத் துணியும் காயவில்லை. கட்டில் மேல், கதவு மேல், நாற்காலி மேல் எல்லாம் ஈரத்துணி. ஒரு ராத்திரி உன் அத்தை புலம்பிக்கொண்டிருக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என் கொட்டகையில கடலையே தொங்கவிட்டாலும் அரை மணி நேரத்துல காஞ்சிரும்" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையில் சாப்பாட்டுப் பையோடு இன்னொரு பையும் என் கையில் வந்துவிட்டது. உள்ளே அவளுடைய வாத்துப் போர்வை.

அந்தப் போர்வையை நீ பார்த்திருக்க மாட்டாய், அதை அவள் மட்டும்தான் போர்த்திக்கொள்வாள். மஞ்சள் நிறம், அது நிறைய ஆள் கை அகலத்துக்கு வெள்ளை வாத்துகள், ஒவ்வொரு வாத்துக்கும் தலையில் சிவப்புத் தொப்பி. அவளுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் எங்கேயோ வாங்கி வந்து கொடுத்தது. அவளுக்கு அதில் உயிர். நான் அதைக் கொட்டகையில் குடைகளுக்கு நடுவே ஓரமாகத் தொங்கவிட்டேன். சொன்னது போலவே காய்ந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்து, கூடத்து மேசையின் கோடியில், மடிக்க வேண்டிய குடைக்குப் பக்கத்தில் வைத்தேன். வேலை முடிந்து போகும்போது பையில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான். வேறொரு பாவமும் அறியேன்.

அப்போதுதான் படக்காரர்கள் கூட்டம் மடிப்புக் கூடத்துக்குள் வந்தது. கழுத்தில் ஆளுக்கொரு பீரங்கி அளவுக்குக் கேமரா. அவர்களுக்கு நடுவே நீ. பக்கத்தில் நின்றவரிடம் "இவர்தான் என் மாமா, இவர்தான் ஜெட்டை நிறுத்துறவர்" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நெஞ்சு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அங்குலம் டீ குடிக்கப் போயிருந்தான். மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவன் மடிக்க, மற்றவன் ஒவ்வொரு மடிப்பையும் வாய்விட்டுச் சொல்லிக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அத்தனை கேமராவும் என்னையே பார்க்கும்போது அங்குலத்துக்காக யார் காத்திருப்பது? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற தளங்களில் கண்ணைத் திறந்துகொண்டு மடிப்பார்கள், இங்கே நான் கண்ணை மூடிக்கொண்டே மடிப்பேன் என்றேன். கண்ணை மூடினேன். மடித்தேன். இப்படி ஒரு புரட்டு, அப்படி ஒரு சுருட்டு, ஒரு அமுக்கு, ஒரு முடிச்சு. கண்ணைத் திறந்தால் எல்லாரும் கை தட்டுகிறார்கள். நீதான் அதிக நேரம் தட்டினாய். பை வழக்கத்தை விடக் கொஞ்சம் குண்டாக இருந்தது. மழைக்காலத்துத் துணி உப்பும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பையை அவர்கள் தூக்கிக்கொண்டு போய் விமானத்தின் வாலில் வைத்தார்கள்.

அந்த விமானத்தை எடுத்துக்கொண்டு போனது கேப்டன் மேடம். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். தரையில் நடக்கும்போது எதிரே வருகிறவருக்கு வழி விட்டு ஒதுங்கி நடப்பார், மேலே போய்விட்டால் மேகத்துக்குக்கூட வழி விட மாட்டார். அன்றைக்கு அவர் செய்ததையெல்லாம் நீயே வேலி ஓரத்தில் நின்று பார்த்தாய். செங்குத்தாக ஏறியது, மல்லாந்து போனது, தலைக்கு மேலே வந்து போன பிறகு சத்தம் வந்து நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கியது. நான் ஓடுபாதை ஓரத்தில் ஜீப்பில் இருந்தேன். விமானம் இறங்கியது. சக்கரம் தொட்டுப் புகை வந்தது. வால் திறந்தது. குடை வர வேண்டிய இடத்தில் முதலில் ஒரு வாத்து வந்தது, மருமகனே. அப்புறம் ஒன்பது வாத்து. அப்புறம் முழுப் போர்வை. தொப்பி போட்ட வாத்துகள் வரிசையாகப் போர் விமானத்தைத் துரத்திக்கொண்டு பறக்கின்றன. பின்னால் குடை, விரியலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி சுருண்டு சுருண்டு இழுபடுகிறது. விமானம் நிற்கவில்லை. ஓடுபாதை முடிகிற இடத்தில் கடைசிக் காவலாக ஒரு வலை கட்டியிருப்பார்கள், அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. குடை அப்புறம்தான் ஒரு உதறு உதறி விரிந்தது. வலைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது விமானம் நின்றது. படக்காரர்கள் நீங்கள் எல்லாரும் ஓ என்று கை தட்டினீர்கள். தூறலில் அத்தனை தூரத்திலிருந்து குடைக்கும் போர்வைக்கும் வித்தியாசம் தெரியாமல், அதுவும் வித்தையில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டீர்கள்.

நான் ஜீப்பை விட்டு இறங்கி ஓடினேன். என் வயசில் அப்படி ஓடியவன் கிடையாது. ஆனால் அடுத்து வந்த விமானம் பக்கத்துப் பாதையில் திரும்பும்போது விட்ட அனல்காற்றில் போர்வை எழும்பி, கொட்டகைக் கூரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மழைக்குள் போய் மறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய் உன் அத்தையிடம், கொட்டகையில் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று சொன்னேன். இன்று வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குடை ஏன் தாமதமாக விரிந்தது என்று விசாரித்தார்கள். துணியில் ஈரம் இருந்திருக்கலாம் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள், நானும் பெரிய மனசோடு தலையாட்டினேன். மறுநாள் கேப்டன் மேடம் மடிப்புக் கூடத்துக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"நேத்து என் குடையை மடிச்சது யாரு?" என்று கேட்டார்.

எத்தனையோ வருஷமாக எந்தக் குடையைக் காட்டினாலும் நான் மடித்தது என்று சொல்லி வந்தவன் நான். அங்குலம் மடித்ததைக்கூட நான் மடித்ததாகச் சொல்லியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அடக்கமாக இருக்கலாம் என்று நினைத்தபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைக் கைகாட்டினார்கள்.

"இங்க ஒரு வழக்கம் இருக்காமே" என்றார் மேடம். "குடை மக்கர் பண்ணினா, மடிச்சவரே அடுத்த குடையை மடிச்சு, பின் சீட்டுல உக்காந்து வரணுமாம். நீங்கதான் எல்லாருக்கும் சொல்லுவீங்களாம். நாளைக்கு ரெட்டை சீட்டு விமானம் எடுக்கறேன். வந்துருங்க."

அந்த வழக்கத்தை ஏற்படுத்தியது எந்தப் புண்ணியவானோ தெரியாது. ஆனால் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம், எங்கள் கூடத்தில் குடை மக்கர் பண்ணியதே இல்லை, ஆகவே இதுவரைக்கும் யாரும் உட்கார்ந்ததும் இல்லை என்று பெருமையாகப் பரப்பியது நான்தான். நான் ஏற்கெனவே பல தடவை போர் விமானத்தில் பறந்திருப்பதாக உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் ஒரு மாதிரியான பறத்தல். இது வேறு மாதிரி. விமானம் தரையை விட்டு மேலே போகிற மாதிரி.

அன்றைக்குக் குடையை மடித்தேன் பார், கண்ணை இமைக்கக்கூட இல்லை. அங்குலத்தைப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொரு மடிப்பையும் சொல்ல வைத்தேன். மடித்து முடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தேன். அங்குலம் "என்னண்ணே, புதுசா வேலைக்குச் சேந்திருக்கீங்களா?" என்று கேட்டான். மடித்த பையை முகர்ந்துகூடப் பார்த்தேன். மறுநாள் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சத்தம் நன்றாகக் கேட்கிறது, கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது என்றார். காலையும் வயிற்றையும் இறுக்குகிற உடுப்பு ஒன்றை மாட்டினார்கள். தளத்தில் இருந்ததிலேயே பெரியது, இருந்தாலும் ஜிப்பை மூட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பின் சீட்டில் உட்கார வைத்துக் கட்டினார்கள். முழங்கால்களுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஒரு பிடி. அது என்ன என்று கேட்டேன். இழுத்தால் சீட்டோடு வெளியே பறந்துவிடுவீர்கள் என்றார்கள். அதற்கப்புறம் நான் இரண்டு முழங்காலையும் அகட்டி, கையைக் கட்டிக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மேடம் என்னைப் பாதி நேரம் ஓட்டச் சொன்னார் என்று நீ மச்சானிடம் சொல்லிக்கொள்ளலாம். எதையும் தொடாதீங்க என்று அவர் சொன்னதை உன்னோடு வைத்துக்கொள்.

கிளம்பியது. கிளம்பியது என்று எழுதுகிறேன், ஆனால் அது கிளம்பவில்லை, பூமிதான் எங்களைப் பின்னால் உதைத்துத் தள்ளியது. என் முதுகு சீட்டுக்குள் போனது, வயிறு முதுகுக்குள் போனது, மீசை காதுப் பக்கம் போனது. ஓடுபாதை, கொட்டகை, எங்கள் வீட்டு வரிசை, உன் அத்தை வாசலில் போட்டிருக்கும் உடைந்த நாற்காலி எல்லாம் ஒரு தட்டில் கொட்டிய கடுகு மாதிரி ஆகிவிட்டது. மேகத்துக்குள் ஒரே இருட்டு. அப்புறம் அதைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தோம். மருமகனே, இத்தனை நாளாகக் கீழே அடித்துக்கொண்டிருந்த மழைக்கு மேலே, அத்தனை வெயில் சும்மா கிடக்கிறது. யாருக்கும் தெரியாமல். கண் கூசுகிற வெள்ளை, அதற்கு மேலே கருநீலம். மேடம் விமானத்தைச் சாய்த்தார். என் கை ஒன்று ஒரு மூட்டை கனம் ஆகிவிட்டது, தூக்க முடியவில்லை, கன்னம் கழுத்துக்கு இறங்கியது. அப்புறம் மல்லாக்கப் புரட்டினார். வானம் காலுக்குக் கீழே, மேகம் தலைக்கு மேலே. நாங்கள் ஒலியை விட வேகமாகப் போனதால் நான் கத்தியது எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது. "பயமா இருக்கா?" என்று காதுக்குள் மேடத்தின் குரல். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறந்ததிலிருந்து எனக்குப் பேச்சு வராதது அப்போதுதான் முதல் தடவை. பயம் மட்டும் இல்லை. நீ ஏன் சோறு தண்ணி இல்லாமல் வேலி ஓரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் இறங்கத் தொடங்கினோம். அப்போதுதான் அந்த ஞாபகம் வந்தது. இது நிற்க வேண்டும். இதை நிறுத்தப் போவது குடை. அந்தக் குடையை மடித்தது நான். உன்னிடமும் ஊரிடமும் எத்தனையோ தடவை பெருமையாகச் சொன்ன அதே வாக்கியம்தான், ஆனால் அன்றைக்கு அதை நம்ப எனக்கே மனசு வரவில்லை. ஓடுபாதை எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. சக்கரம் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு கண நேரம் இருக்கிறதே, அதில் நான் எல்லா வாத்துகளையும் மறுபடியும் பார்த்தேன். அப்புறம் யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு இழுப்பு. குடை விரிந்துவிட்டது. நான் தலைக்கவசத்துக்குள் அழுதேன். உள்ளே துடைக்க வழியில்லை.

விமானம் மெல்ல உருண்டு போகும்போது மேடம் சொன்னார். "இந்த இழுப்பு வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வராது. எப்பவும். வந்ததும்தான், கீழ யாரோ ஒருத்தர் நமக்காக ஒழுங்கா மடிச்சிருக்காருன்னு தெரியும். அன்னைக்கு அது நேரத்துக்கு வரல."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் வயிறு முந்திக்கொண்டது. கொடுத்திருந்த பையை வாயில் வைத்துக்கொண்டு, "மேடம், வாத்து" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மேடம் விறைத்துப் போய், "வாத்தா? எங்க?" என்றார். ஜெட்டின் வாய்க்குள் பறவை போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நான் ஓடுபாதைப் பக்கம் கையைக் காட்டி, "நெறைய, மஞ்சள்" என்று சொல்வதற்குள் அவர் ரேடியோவில் பேசிவிட்டார். ஓடுபாதையை மூடினார்கள். மேலே இருந்த இரண்டு விமானங்கள் இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பறவை விரட்டுகிற ஆட்கள் ஜீப்பும் வெடியும் ஒலிபெருக்கியுமாக வந்து புல்வெளி முழுக்க வாத்து தேடினார்கள். ஒரு சிட்டுக்குருவிகூட மிச்சமில்லாமல் ஓடிப்போனது. வாத்து மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் இன்னும் விடவில்லை, தினமும் ஒரு பக்கமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குத்தான் மறுபடியும் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

இந்த நிலையில்தான் உன் உறை. ஊரில் யார் கண்ணிலும் படாத வாத்துகள், உன் கேமராவில் மட்டும், ஒவ்வொன்றும் தொப்பியோடு, கண் மூக்கு தெரிகிற அளவுக்குத் தெளிவாக. பத்திரிகைக்காரர்கள் இதை அட்டைப்படமாகப் போட ஒத்துக்கொண்டார்கள் என்றும், வாலில் மஞ்சளாக வாத்துப் படம் போட்டிருப்பது புது வகைக் குடையா என்று கேட்கிறார்கள் என்றும், தளத்து அதிகாரி ஒருவர் பார்த்துச் சம்மதம் சொன்னால் போதும் என்றும், "கேப்டன் மேடம் உங்களைக் கேட்காம எதுவும் செய்ய மாட்டாங்கன்னு சொல்லியிருக்கீங்களே மாமா, அவங்ககிட்டயே காட்டி வாங்கிடுங்க" என்றும் எழுதியிருக்கிறாய். என் வாயே எனக்கு எமன்.

அட்டையில் படம் வந்தால் மச்சான் கேமராவை உன்னிடமே விட்டுவிடுவார், வராவிட்டால் அதை விற்றுவிட்டு அடுத்த மாதத்திலிருந்து நீ அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா அழுதுகொண்டே சொன்னாள். ஆகவே படத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாத்துகளை மட்டும் வெட்டிவிடு. வாத்தை வெட்டினால் கூடவே குடையும் போய்விடும், தெரியும். குடை போனால் வாலும் போகும். விமானத்தின் மூக்கு மட்டும் மிஞ்சும். மூக்கும் அழகுதான், பார்க்கப் போனால் விமானத்தில் முக்கியமே மூக்குதான். அதையும் வேண்டாம் என்றார்கள் என்றால், கண்ணாடிக் கடையும் மோசமில்லை, கேமராவும் கண்ணாடிதான், மூக்குக் கண்ணாடியும் கண்ணாடிதான் என்று மனசைத் தேற்றிக்கொள். இதை எழுதும்போது எழுத்தே கோணலாக வருகிறது, பார்த்துக்கொள். மேலே அந்த வெயிலைப் பார்த்துவிட்டு வந்தவன் உன்னைக் கடைக்குள் போய் உட்காரச் சொல்கிறேன். ஆனால் மேடம் இந்தப் படத்தைப் பார்த்தால் நான் இனி எந்த முகத்தோடு அந்தக் கூடத்துக்குள் நுழைவேன்?

உனக்கு எல்லா வளமும் வந்து சேரட்டும், நல்ல வெளிச்சமும் தெளிந்த வானமும் எப்போதும் உன் பக்கம் நிற்கட்டும். அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். மச்சானிடம் என் புதுக் கண்ணாடிக்கு அளவு எடுத்து வைக்கச் சொல், இப்போதெல்லாம் கண்ணை மூடினால் ஒன்றும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் சத்தம். கேப்டன் மேடம். கையில் சகதியும் முள்ளுமாக ஒரு மஞ்சள் துணி. வாத்து தேடப்போன ஆட்கள் வேலிக்கு அந்தப்புறம் முட்புதரில் கண்டுபிடித்தார்களாம். எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை, யாருடையது என்று எங்கள் வரிசையில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்று உன் அத்தையைப் பார்த்து, இல்லை இல்லை என்று கழுத்து சுளுக்குகிற அளவுக்குத் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போர்வையைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, எங்களுதுதாங்க" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "உங்க கொட்டகையில காய வைக்கறேன்னு இவருதான் எடுத்துட்டுப் போனாரு. அந்தக் கேமராக்காரங்க வந்தாங்களே, அன்னைக்கு. இன்னும் காயலன்னு சொல்லிட்டே இருக்காரு. பாருங்க, நெசமாவே காயல."

மேடம் போர்வையைப் பார்த்தார். வாத்துகளைப் பார்த்தார். கதவிடுக்கில் தெரிந்த என் பாதி முகத்தைப் பார்த்தார். நான் முன்னே வந்து, உறையைக் கிழித்து உன் படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நின்றவாக்கிலேயே அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருடைய விமானம், அவருடைய வலை, நடுவே வாத்துகள். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "இதை வெட்டாம முழுசாப் போடச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணு பெருசா வேணும். மடிக்கிற மேசைக்கு நேரா மாட்டணும்." போகும்போது திரும்பி, அடுத்த மூன்று மாதம் நான் மடிப்புக் கூடத்தில் இல்லை, பறவை விரட்டுகிற ஜீப்பில் வேலை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மறுபடியும் மேசைக்கு வரலாமாம், அங்குலம் பக்கத்தில் இருந்தால்.

ஆகவே ஒரு வாத்தைக்கூட வெட்டாதே. சம்மதம் கிடைத்துவிட்டது, மச்சானிடம் இன்றைக்கே சொல்லிவிடு. இனி இந்த ஆகாயத்தில் எந்தப் பறவை பறக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கிறவன் உன் மாமன்தான் என்பதையும் சேர்த்துச் சொல். படத்துக்குக் கீழே எடுத்தவர் என்று உன் பெயரைப் போடும்போது, மடித்தவர் என்று என் பெயரையும் போடச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார். போர்வையை உன் அத்தை துவைத்துவிட்டாள். இங்கே இன்னும் மழை விடவில்லை. எங்கே காய வைப்பது என்று கேட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிறாள்.